சான்டானா பெயர் போட்ட கிடார்: எட்டு மாதக் கச்சேரிக்குப் பிறகு

எட்டு மாதமாக நான் வாசிப்பது பி.ஆர்.எஸ். எஸ்.இ. சான்டானா, கார்லோஸ் சான்டானா என்ற ராக் கிடார் கலைஞர் பெயரில் பி.ஆர்.எஸ். (பால் ரீட் ஸ்மித்) கம்பெனி விற்கும் எலக்ட்ரிக் கிடார். புதிதாக வாங்கியதில்லை. பெருங்குடியில் ஐடி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பி வெளிநாடு கிளம்பும்போது விற்றது, பையோடு சேர்த்து 58,000 ரூபாய். அதை எடுத்துக்கொண்டு இதுவரை முப்பது கல்யாண ரிசப்ஷனுக்கு மேல், நாலைந்து கோயில் திருவிழா, ஒரு கம்பெனி ஆண்டு விழா எல்லாம் வாசித்தாகிவிட்டது. வீட்டில் ரெண்டு நாள் வாசித்துவிட்டு எழுதிய விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன. மண்டபத்தில் ஜெனரேட்டர் கரண்டில், சீரியல் லைட்டுக்கு நடுவில், நாலு மணி நேரம் தோளில் தொங்கவிட்டு வாசித்தவர் எழுதியது ஒன்றும் கண்ணில் படவில்லை, அதனால்தான் இது.

நான் மெல்லிசைக் குழுவில் லீட் கிடார். பத்தொன்பது வருடமாக இதுதான் தொழில். சான்டானாவை முதலில் கேட்டது பெரம்பூரில், கிடார் கற்றுக்கொடுத்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் வீட்டில். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். பாடம் முடிந்ததும் டேப் ரெக்கார்டரில் 'சம்பா பா டி' போடுவார். பாட்டில் பாடகர் கிடையாது, கிடார்தான் பாடும். "இதுல எத்தனை நோட் வாசிக்கிறான்னு எண்ணாதே, ஒரு நோட்ட எவ்வளவு நேரம் விடாம வச்சிருக்கான்னு பாரு" என்பார். அது காதிலேயே தங்கிவிட்டது.

முதலில் கிடார். ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், 24.5 அங்குலம், 22 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்), மஹாகனி உடம்பு, மேலே மேப்பிள். நம் ஊர் மேடைகளில் அதிகம் பார்க்கும் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக்கு 25.5 அங்குலம். ஓர் அங்குலம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒரே ஸ்ட்ரிங்கை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது நீளம் இவ்வளவு குறைந்தால் இழுவிசை கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைந்துவிடும். தடிமனான பத்தாம் நம்பர் கம்பி செட் போட்டாலும் விரலுக்கு மெல்லிய ஒன்பது மாதிரி இருக்கும். எங்கள் வேலைக்கு இது பெரிய விஷயம். குழுவில் நாதஸ்வரம் இருக்காது, வீணை இருக்காது, பல நாள் வயலின்கூட இருக்காது. பாட்டில் அந்த பிட்டு வந்தால் கீபோர்டு தம்பி என்னைத்தான் பார்ப்பான். நாதஸ்வர பிட்டை கிடாரில் வாசிக்க வேண்டுமென்றால் ஸ்வரத்தை ஃப்ரெட்டில் அமுக்கினால் மட்டும் போதாது, கம்பியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போய் அங்கே அசைந்து திரும்ப வேண்டும். பழைய கிடாரில் மூன்றாவது மணி நேரத்தில் மோதிர விரல் எரிய ஆரம்பிக்கும். இதில் எரியவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லாமல் இதற்காக மட்டுமே இதை வாங்கலாம்.

அடுத்தது இரைச்சல். மண்டபத்தில் எர்த்திங் எப்படி இருக்கும் என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரே காயில் உள்ள பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) போனால் மேடையில் லைட்டைப் போட்ட நிமிஷத்திலிருந்து 'உம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும், சவுண்ட் அண்ணன் முதல் வேலையாக கிடார் சேனலைத்தான் இறக்குவார். இதில் இரண்டும் ஹம்பக்கர். இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி அந்த இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ள விடும் அமைப்பு. இந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு திருவிழாவில் மட்டும் கொஞ்சம் இரைந்தது, அன்று கீபோர்டே இரைந்தது.

கழுத்து தடிமன். தடிமன் என்றால் உண்மையிலேயே உள்ளங்கை நிறைய வரும். எனக்குப் பிடித்திருக்கிறது, இழுக்கும்போது கட்டை விரலுக்கு நல்ல பிடி. ஆனால் எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கும் பையனுக்குக் கை சின்னது, அவன் வாங்கி நாலு கார்டு பிடித்துவிட்டு "அண்ணே, இது உங்களுக்குத்தான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். வேகமாக ஓடுகிற வாசிப்புக்காரர்கள், பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்க நினைப்பவர்கள், கையில் பிடித்துப் பார்க்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டாம். இதுதான் இந்த மாடலின் குணம், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

சரி, இந்தப் பெயர். கடையில் ஆயிரம் கிடார் இருக்க, ஒருவர் பெயரைப் போட்டு ஒரு கிடார் உலகம் முழுக்க விற்கிறது என்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஏனென்றால் என் தொழிலில் கிடார்காரன் பெயர் யாருக்கும் தெரியாது. நோட்டீசில் பாடகர் பெயர் இருக்கும், குழுவின் பெயர் இருக்கும், சில சமயம் மிமிக்ரி செய்பவர் பெயர்கூட இருக்கும்.

கார்லோஸ் சான்டானா பிறந்தது 1947-ல், மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் அவுட்லான் என்ற ஊரில். அப்பா மரியாச்சி குழுவில் வயலின் வாசிப்பவர். மரியாச்சி என்றால் நம் ஊர் நாதஸ்வர செட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணம், திருவிழா, விருந்து எல்லாவற்றுக்கும் போய் வாசித்துக் கூலி வாங்கும் குழு. அப்பா பையனுக்கு முதலில் கொடுத்தது வயலின். குடும்பம் அமெரிக்க எல்லையில் இருக்கிற டிஹுவானாவுக்கு வந்தபோது பையன் சுற்றுலா வந்தவர்களுக்குத் தெருவில் வாசித்திருக்கிறான். அங்கேதான் ஹாவியர் பாட்டிஸ் என்பவர் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பதைக் கேட்டு வயலினை விட்டு கிடாருக்கு வந்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ. அங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே இசையைத் தொடர்ந்திருக்கிறார். கூலிக்கு வாசிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அந்த வயலின் அவர் கிடாரில் கேட்கிறது என்பது என் அபிப்பிராயம். வில்லை இழுத்துக்கொண்டே இருந்தால் வயலினில் ஸ்வரம் சாகாது, கிடாரில் மீட்டிய கணத்திலிருந்தே ஸ்வரம் சாக ஆரம்பிக்கும். அதைச் சாக விடாமல் பிடித்து வைக்கத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டிருக்கிறார்.

1966-ல் சான்டானா ப்ளூஸ் பேண்ட் என்று ஒரு குழு. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெரிய இசை விழாவான வுட்ஸ்டாக் மேடை, அப்போது அவருக்கு 22 வயது, முதல் ஆல்பம் வந்ததும் அதே மாதம்தான். அந்தக் குழுவில் எனக்கு முக்கியமாகப் படுவது தாளம். சாதாரண ராக் குழுவில் ஒரு டிரம் செட் இருக்கும். இவர்களிடம் டிரம்மோடு கோங்காவும் டிம்பாலேயும் சேர்ந்து இருந்தன. நாம் மேடையில் 'தும்பா' என்று சொல்கிறோமே, அதுதான் கோங்கா. கியூபாவில் அந்த வாத்தியத்துக்கு இருக்கிற 'தும்பா' என்ற பெயர் சென்னையில் எங்கள் வாயில் இன்றும் அப்படியே இருக்கிறது. எங்கள் தும்பா மாஸ்டருக்கு நான் அந்தப் பழைய வுட்ஸ்டாக் வீடியோவைக் காட்டியபோது அவர் கிடாரைப் பார்க்கவே இல்லை, பின்னால் இருந்த தோல் வாத்தியக்காரர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முடிந்ததும் "இன்னொரு வாட்டி போடுங்க" என்றார்.

இனி பணம். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இதுதான் என்னை உலுக்கியது. 1970-ல் வந்த 'அப்ராக்ஸஸ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்து பெரிதாக ஓடிய இரண்டு பாட்டுகளில் ஒன்று பீட்டர் க்ரீன் எழுதி ஃப்ளீட்வுட் மேக் குழு 1968-லேயே வெளியிட்ட 'பிளாக் மேஜிக் உமன்'. இன்னொன்று டிட்டோ புவென்டே எழுதிய 'ஓயே கோமோ வா'. இரண்டையும் பாடியவர் குழுவில் ஆர்கன் வாசித்த கிரெக் ரோலி. அதாவது பாட்டு எழுதியது வேறு ஆள், பாடியது வேறு ஆள். அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் பாட்டு ஓடினால் எழுதியவருக்குத்தான் ராயல்டி, வாசித்தவருக்கும் பாடியவருக்கும் ஒரு காசு கிடையாது. அந்த இரண்டு பாட்டுகளும் ஐம்பது வருடத்துக்கு மேலாக ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்தப் பணம் அவற்றை எழுதியவர்கள் பக்கம் போகிறது. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பாட்டுகளைக் கேட்டவுடன் எல்லோரும் சொல்வது 'சான்டானா பாட்டு' என்றுதான்.

இங்கே எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை உறுதியானது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் ரெக்கார்டிங்கில் கிடார் வாசித்தவருக்கு அன்றைய கால்ஷீட் பணம்தான், நான் போய் வாசித்த ஏழெட்டு ரெக்கார்டிங்கிலும் அப்படித்தான். மேடையில் எனக்கு ஒரு கச்சேரிக்கு 3,000 வரும், முகூர்த்த சீசனில் கொஞ்சம் கூட. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் கச்சேரிதான் ஆடியில் கை கொடுக்கும்.

இந்தக் கண்ணோடு பார்க்கும்போதுதான் சான்டானா செய்தது புரிகிறது. அவருடைய சொத்து பாட்டு இல்லை, அவருடைய ஒலி. இரண்டு ஸ்வரம் கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அந்த ஒலிக்குத் தன் பெயரை வைத்திருந்தார், அந்தப் பெயர் குழுவின் பெயராகவும் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் குழு உடைந்தது. கிரெக் ரோலியும், இரண்டாவது கிடார் வாசித்த நீல் ஷானும் போய் 'ஜர்னி' என்ற குழுவைத் தொடங்கி அவர்களும் பெரிதாக வந்தார்கள். பாடகரே போன பிறகும் சான்டானா குழு நின்றது, ஏனென்றால் கேட்க வந்தவர்கள் கேட்டது கிடாரை. அந்தச் சமயத்தில் அவர் ஸ்ரீ சின்மயின் சீடராகி 'தேவதீப்' என்ற பெயரும் வாங்கினார், ஓடுகிற பாட்டுகளை விட்டு ஜாஸ் பக்கம் போனார். அதே குருவின் சீடராக இருந்த ஜான் மெக்லாக்லினோடு சேர்ந்து 1973-ல் ஓர் ஆல்பம். அந்த மெக்லாக்லின்தான் அப்புறம் சாகிர் உசேன், எல். சங்கர், நம் சென்னை கடம் விக்கு விநாயக்ராம் இவர்களோடு 'சக்தி' குழுவைத் தொடங்கியவர். ஆக, சான்டானாவிலிருந்து ரெண்டே எட்டில் நம் ஊர் கடத்துக்கு வந்துவிடலாம். இதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் பெரிய பள்ளம். 1992-க்குப் பிறகு ஏழு வருடம் சான்டானா குழுவின் பெயரில் புது ஸ்டுடியோ ஆல்பமே வரவில்லை. 1999-ல் அவருக்கு 52 வயது. எங்கள் துறையில் ஐம்பதைத் தாண்டிய கிடார்காரரை 'பழைய ஆள்' என்று ஒதுக்குவார்கள், பார்த்திருக்கிறேன். அந்த வயதில், இளம் பாடகர்களை வரவழைத்துப் பாட வைத்து, ஒவ்வொரு பாட்டிலும் கிடாரைத் தன் குரலாக வைத்து 'சூப்பர்நேச்சுரல்' வெளியிட்டார். முதல் முறை அவர் குழுவை ஒப்பந்தம் செய்த கம்பெனிக்குத் தலைவராக இருந்த க்ளைவ் டேவிஸ்தான் இப்போதும் பின்னால் நின்றவர். 'ஸ்மூத்' பன்னிரண்டு வாரம் அமெரிக்காவில் முதலிடம். ஆல்பம் அந்த ஒரு நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடி பிரதிக்குச் சான்றிதழ் வாங்கியது. 2000 பிப்ரவரியில் ஒரே இரவில் 8 கிராமி, 1984-ல் மைக்கேல் ஜாக்சன் வாங்கிய அதே எண்ணிக்கை. 'ஸ்மூத்' பாட்டை எழுதியதும் அவர் இல்லை, பாடியதும் அவர் இல்லை.

அதற்குப் பிறகு பெயர் எல்லா இடத்துக்கும் போனது. காலணி, மெக்சிகன் உணவகம், டெக்கீலா. லாஸ் வேகஸில் 2012-லிருந்து ஒரே அரங்கில் வருடா வருடம் தொடர் கச்சேரி, அதாவது அவர் ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை, ஊர் அவரைத் தேடி வருகிறது. 1998-லேயே அப்போதைய மனைவி டெபோராவோடு சேர்ந்து குழந்தைகளுக்காக மிலாக்ரோ அறக்கட்டளை தொடங்கியிருக்கிறார், அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுசாகும்.

இந்த கிடாரும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. பால் ரீட் ஸ்மித் அமெரிக்காவின் மேரிலாண்டில் சிறிய பட்டறை வைத்து கிடார் செய்துகொண்டிருந்த காலத்திலேயே, எண்பதுகளின் தொடக்கத்தில், சான்டானா அவரிடம் கிடார் வாங்கி வாசித்தவர். பிறகு கம்பெனி பெரிதாகி, விலை குறைந்த எஸ்.இ. வரிசையை 2001-ல் தொடங்கியபோது முதலில் வந்த மாடல் சான்டானா. இப்படிப் பெயர் போட்ட கிடார் ஒவ்வொன்று விற்கும்போதும் கலைஞருக்கு ஒரு பங்கு போவது தொழில் வழக்கம். நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் என்பதால் என்னிடமிருந்து அவருக்கு ஒன்றும் போகவில்லை, அது கொஞ்சம் மனதில் உறுத்துகிறது. அடுத்த கிடாரைப் புதிதாகவே வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

வாங்கினால் அந்த ஒலி வருமா? நேரடியாகச் சொல்கிறேன், மண்டபத்தில் வராது. அவருடைய நீண்ட ஸ்வரம் கிடாரிலிருந்து மட்டும் வருவதில்லை. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சத்தமாக இருக்க வேண்டும், அந்தச் சத்தம் திரும்ப வந்து கம்பியை அதிர வைக்க வேண்டும், அதற்கு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மேடையில் முன்கூட்டியே தேடிக் குறி போட்டு வைக்கிற ஆள் அவர். நாம் எஃபெக்ட் ப்ராசஸரிலிருந்து நேராக மிக்சருக்கு வயர் கொடுக்கிறோம், மேடையில் ஆம்பே கிடையாது. ஒரு தடவை, மயிலாப்பூர் பக்கம் ஒரு ரிசப்ஷனில், நண்பர் ஒருவரின் வால்வ் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். சவுண்ட் செக்கில் கழுத்துப் பக்கத்து பிக்கப், டோனைப் பாதிக்கு இறக்கி, 'சம்பா பா டி'யின் முதல் வரி. ஆம்புக்கு நாலடி தள்ளிக் கொஞ்சம் சாய்ந்து நின்றபோது அந்த ஸ்வரம் நின்றது. நான் கையை அசைக்கும் வரை நின்றது. பந்தி வேலை பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் வாளியோடு திரும்பிப் பார்த்தார்கள். அங்கிள் இருந்திருந்தால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வைத்திருப்பேன்.

இனி சென்னைக்கான பராமரிப்பு. நான் இருப்பது திருவான்மியூர், கடலிலிருந்து நடந்து போகிற தூரம். சாதாரண ஸ்ட்ரிங் மூன்று வாரத்தில் கறுத்துவிடும், எந்த கிடாராக இருந்தாலும் இதே கதிதான். கோட்டிங் உள்ள ஸ்ட்ரிங் விலை ரெண்டு மடங்குக்கு மேல் ஆனாலும் எனக்கு இரண்டரை மாதம் வருகிறது. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைக்காமல் பையில் வைக்காதீர்கள், பைக்குள் சிலிகா ஜெல் பாக்கெட் நாலு போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஒரு மாதிரியும் ஐப்பசி மழையில் ஒரு மாதிரியும் கழுத்து நகரும், வருடத்துக்கு ரெண்டு தடவை ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) பார்க்க வேண்டும். மேடையில் ட்ரெமலோ (சுருதியை ஆட்டும் கைப்பிடி) அதிகம் ஆட்டுவதானால் ஸ்ட்ரிங்கை நட் (கழுத்தின் மேல் முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளங்கள் உள்ள கட்டை) பக்கம் பென்சில் கரி தடவிப் போடுங்கள், சுருதி ஒழுங்காகத் திரும்பி வரும்.

செட்டப் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில் ஜாக்கிரதை. வாங்கின புதிதில் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன், 1,800 ரூபாய். ஆக்ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்தை, குறைக்கச் சொன்னதற்கு, கேட்காமலேயே நட்டில் ஜி ஸ்ட்ரிங் பள்ளத்தை அரத்தால் ஆழப்படுத்தி வைத்துவிட்டார்கள். திறந்த ஸ்ட்ரிங் தட்டினால் சிதார் மாதிரி கிணுகிணுக்கும். கேட்டதற்கு "இந்த கிடார் அப்படித்தான் சார்" என்றார்கள். அது பொய். மூன்று கச்சேரி அந்த ஸ்ட்ரிங்கைத் திறந்து வாசிக்காமலேயே ஓட்டினேன், எவ்வளவு கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. கோடம்பாக்கத்தில் வீட்டிலேயே வேலை செய்யும் ஒரு பெரியவர் புது நட் செய்து போட்டு, என் எதிரிலேயே ஒவ்வொரு ஸ்ட்ரிங்காகத் தட்டிக் காட்டி, 1,200 வாங்கினார். கொடுக்கும்போது நட்டைத் தொட வேண்டாம், தொட வேண்டுமானால் போன் செய்யுங்கள் என்று எழுதியே கொடுங்கள்.

யாருக்கு இது: பாட்டுக்கு நடுவில் கிடாரைப் பாட வைக்க நினைப்பவர்கள், நாதஸ்வரம், வீணை, சாரங்கி பிட்டெல்லாம் கிடாரில் வாசிக்க வேண்டியவர்கள், கை கொஞ்சம் பெரிதாக இருப்பவர்கள். ரிதம் மட்டும் வாசிப்பவர்களுக்கும், ஸ்ட்ராட்டின் அந்தப் பளிச்சென்ற சத்தம் வேண்டும் என்பவர்களுக்கும் இது வேண்டாம், எனக்கே அந்த மாதிரிப் பாட்டு வரும்போது பழைய கிடாரைத்தான் மாட்டிக்கொள்கிறேன். செகண்ட் ஹேண்டில் பார்ப்பவர்கள் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் முழு ஸ்வரம் இழுத்துப் பாருங்கள், நடுவில் சத்தம் செத்தால் ஃப்ரெட் வேலை இருக்கிறது, விலையில் ஐயாயிரம் குறைத்துக் கேளுங்கள். நான் கேட்டேன், அந்தத் தம்பி மூவாயிரம் குறைத்தான்.